பெரிய மருமகள் படியிறங்கிய காட்சி

என் தங்கை டிவி நாடகம் எழுதுகிறவள், தயாரிக்கிறவள். விருது வாங்கியவள். நான் எட்டாம் வகுப்போடு நின்றுபோய் பஸ் கண்டக்டர் ஆனவன். அவள் என் தங்கை என்பது எங்கள் ரூட்டில் தெரிந்துபோனதிலிருந்து அவளுடைய நாடகத்துக்கு நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கண்டக்டரே, அந்தப் பெரிய மருமக வீட்டை விட்டுப் போவாளா, மாட்டாளா?" என்று தினமும் வருகிற டெய்லரம்மா கேட்பார். "அவ பையைத் தூக்கினாலே மாமியாருக்கு மயக்கம் வந்துடுது. நல்ல டாக்டரா பார்க்கச் சொல்லுங்க உங்க தங்கச்சிய."

"எனக்கு டிக்கெட் கிழிக்கத்தாம்மா தெரியும்."

"அப்ப மீதிச் சில்லறையையாவது குடுங்க."

தங்கை இந்தத் தொழிலுக்குள் போனது எழுதுவதற்காக அல்ல. படப்பிடிப்பில் நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று வரி வரியாகப் படிப்பார், அவர்கள் அதைக் கேட்டுச் சொல்வார்கள். அப்படிப் படிக்கிற வேலைக்குத்தான் போனாள். வாய்க்கு வராத வரிகளைப் படிக்கும்போதே மாற்றிவிடுவாள். எழுதியவர் கத்தினார். டைரக்டரோ, அடுத்த நாடகத்தை நீயே எழுதிவிடு என்றார்.

அந்த நாடகத்துக்கு அவள் முதலில் எழுதியது கடைசிக் காட்சி. வீட்டில் எல்லோரும் வேலைக்காரிபோல நடத்துகிற பெரிய மருமகள், ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், கதவைத் திறந்து போய்விடுகிறாள்.

"மத்ததெல்லாம் இந்த வாசலுக்கு வர்ற வழிதாண்ணே" என்றாள்.

வழி நீண்டுகொண்டே போனது. மருமகள் கதவில் கை வைக்கும் போதெல்லாம், அவளைப் போக விடாதீர்கள் என்று சேனல் மேலாளர் போன் செய்வார். மாமியார் மயங்கி விழுவாள். மருமகள் பையைக் கீழே வைப்பாள். அதை எழுதிவிட்டுத் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்து, அவர்மேல் இருக்கிற கோபத்தில் என் மனைவியிடம் சண்டைக்காரி மாதிரிப் பேசுவாள். பிறகு விருது கிடைத்தது. மேடையில் அவள் பெயரைச் சொன்னபோது நான் எழுந்து நின்று கைதட்டினேன். பின் வரிசைக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உட்கார்ந்தேன். மேடையை விட்டு இறங்கியவளிடம் மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "விருது வாங்கின நாடகத்தை யாராவது நிறுத்துவாங்களா மேடம்?"

அதற்கப்புறம்தான் அவளே தயாரிப்பையும் எடுத்துக்கொண்டாள்.

"இனி எல்லாம் உன் கையிலதானே?" என்றேன்.

"தலைவலிதாண்ணே என் கையில. ஒளிபரப்பு அவங்க கையிலதான்."

கடைசியில் பார்ப்பவர்கள் குறைந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமையோடு முடியுங்கள், அந்த நேரத்துக்கு வேறு நாடகம் வருகிறது என்று ஒரு நாள் திடீரென்று சொல்லிவிட்டார்கள். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மருமகள் போகலாம்!

போவதற்குத்தான் வெளியே என்று ஒன்று இல்லை. வீட்டின் உள்பக்கம் முழுக்க ஸ்டுடியோவில் போட்ட செட். கதவைத் திறந்தால் பின்னால் பெயின்ட் அடித்த பலகை. வெளியே காட்டிய வீடு வேறு யாருடையதோ. முதல் நாள் எடுத்த அந்த ஒரு ஷாட்டைத்தான் இத்தனை வருடமும் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். ஆள் அனுப்பிப் பார்த்தால், வீட்டை இடித்து அடுக்குமாடிக்குக் குழி தோண்டியிருந்தார்கள்.

மறுநாள் காலை தங்கை எங்கள் தெருவில் நின்று என் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாடகத்துல வர்ற மாதிரி உன் கதவுக்கு நீலப் பெயின்ட் அடிச்சா கோவிச்சுக்குவியாண்ணே?"

"பெயின்ட் இருக்கட்டும். அங்க ரெண்டு படி, இங்க மூணு. அந்தக் கதவு இடது பக்கம் திறக்கும், இது வலது பக்கம்."

"மருமக முகத்தைப் பார்க்காம படியை எண்ணுற ஆளு ஊர்லயே நீ ஒருத்தன்தான்."

"என் சமையல்கட்டு ஜன்னலும் டிவியில வருமா?" என்றாள் என் மனைவி.

"வராது அண்ணி."

"வராதுன்னா இவரு கதவு மட்டும் எதுக்கு வரணும்?"

கதவுக்கு நீலம் அடித்துப் படப்பிடிப்பு நடந்த அன்று லீவு போட்டேன். வசனம் இல்லாத காட்சி என்பதால் தங்கை வெறுங்கையோடு கேமராவுக்குப் பக்கத்தில் நின்றாள். கதவு திறந்தது. நடிகை நிலைப்படிக்கு வந்து அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை வருடமும் அந்த இடத்தில் நிற்க வைத்தே பழக்கியிருக்கிறார்கள்.

"நிக்காத! போ! இன்னைக்கு உன்னை யாரும் கூப்பிட மாட்டாங்க!" என்று தங்கை கத்தினாள்.

இரண்டாம் முறை நடிகை படியிறங்கினாள். திரும்பிப் பார்க்காமல் நடந்து தெருமுனையில் மறைந்தாள்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். நீலக் கதவு திறந்தது. மருமகள் முதல் படியில் கால் வைத்தாள். படம் அப்படியே உறைந்து, நன்றி என்று எழுத்து வந்தது. உடனே புது நாடகத்தின் விளம்பரம்.

தங்கை மேலாளருக்குப் போன் போட்டாள். மேலாளர் பேசியது எனக்கே கேட்டது. "விளம்பரத்துக்கு நேரம் பத்தலை மேடம். அதான் கால் வச்சதைக் காட்டிட்டோமே, ஜனங்களுக்குப் புரியாதா?"

போனை வைத்தவள், தப்பெல்லாம் கதவு செய்ததுபோல என் கதவையே முறைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிடச் சொன்னோம். வேண்டாம் என்று கிளம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை டெய்லரம்மா ஏறியதுமே ஆரம்பித்தார். "வெறும் காலைத்தானே வச்சா? உள்ள மாமியாருக்கு மயக்கம் வந்திருக்கும். திரும்பிப் போயிருப்பா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "போயிட்டாம்மா. என் வீட்டு வாசல்லேருந்துதான் போனா. மூணு படியும் இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காம முனை திரும்பிட்டா. நான் கண்ணால பார்த்தேன்."

முன் சீட்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

"பை?"

"கையிலதான் இருந்தது."

டெய்லரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பையோட ஒரு பொண்ணு தனியா நடந்து போறா. நீங்க பஸ்ஸை நிறுத்தி ஏத்திக்கலையா?"

"அன்னைக்கு நான் லீவும்மா" என்றேன்.