கணவன் மனைவியைப் பிரித்து உட்கார வைத்தவர்

தில்லியில் ஒரு குழந்தைகள் மனநல மருத்துவரின் கிளினிக்கில் படிவம் கொடுத்து வாங்கும் தமிழ் அம்மாள் அவர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் நடப்பதுபோல் பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பார். அப்பாவும் அம்மாவும் பிள்ளையைப் பற்றித் தனித்தனியாக எழுத வேண்டும் என்பது அங்கே விதி.

எங்கள் ஏழு வயது மகள் ஒரு மாதமாகக் கையில் கிடைத்ததையெல்லாம் வீசிக்கொண்டிருந்தாள். எதற்குக் கோபப்படுவாள், எதைச் சொன்னால் அடங்குவாள் என்று முப்பது கேள்விகள். நான் மத்திய அரசில் அண்டர் செக்ரட்டரி. கீழே இருப்பவர் எழுதி அனுப்பாமல் நானாக எதையும் எழுதிப் பழக்கமில்லை. மனைவியின் தாளை எட்டிப் பார்த்தேன்.

"சார், காப்பி அடிக்காதீங்க. எந்திரிச்சு அந்தப் பெஞ்சுக்குப் போங்க, ஜல்தி!"

"என் ஒய்ஃபுக்குத்தாம்மா எல்லாம் தெரியும்."

"அச்சா, அப்ப தெரியாதுன்னு எழுதுங்க. அதுவும் டாக்டருக்கு வேணும்."

எழுதினேன், இருபத்தேழு தடவை. தாளை வாங்கிப் பார்த்தவர், "இத்தனை வருஷத்துல உண்மைய எழுதின மொத அப்பா நீங்கதான் சார்" என்றார்.

பாராட்டினாரா, ஃபெயிலாக்கினாரா? தெரியாது. இது இருபத்தெட்டாவது.