தரையில் வைக்கப்படாத இரும்பு

சென்ற ஆண்டு ஆடிக் கிருத்திகையன்று, என் தோளிலிருந்த பூக்காவடி மலைப்படிகளின் பாதியில் பாவாவின் தோளுக்கு மாறிற்று. பாவா என் அக்காளின் கணவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் அடுத்த படி ஏற முடியாமல் நிற்பதைக் கண்டு, குனிந்து தோள் கொடுத்தார். எடுத்த காவடியை வழியில் தரையில் வைப்பதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். உச்சிவரை அவரே சுமந்தார். நான் வெறுந்தோளோடு பின்னால் ஏறினேன்.

அதன் பிறகு எந்தப் பந்தியில் அமர்ந்தாலும் அவர் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும்.

"இன்னா மச்சான், வர்ற ஆடிக்கு ஆளு சொல்லி வெச்சிட்டியா, இல்ல நானே வரணுமா?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்பார். நானும் சிரித்துக்கொண்டுதான் இலையைப் பார்ப்பேன். இன்னொரு முறை அந்தக் காவடியைக் கைமாற்ற நேர்ந்தால், அதற்குப் பின் அது என்னுடையதாக இராது என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் உத்தியோகம் பார்த்து, நாற்காலியிலேயே ஆயுளைக் கழித்தவன் நான். என் உடம்பில் உழைத்த பாகம் விசில் ஊதிய கன்னங்கள் மட்டுமே. அரக்கோணத்தில் ரயில்வே வேலையிலிருக்கும் என் மகளோ உடற்பயிற்சிக் கூடத்தில் பளு தூக்குகிறவள். தை மாதத்து ஞாயிறு ஒன்றில் அவள் பன்னிரண்டு கிலோ கெட்டில்பெல் ஒன்றைக் கொணர்ந்து மொட்டைமாடியில் வைத்தாள். மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு அது.

"முதுக வளைக்காத, நைனா. இடுப்புலேர்ந்து தள்ளு. கை சும்மா கயிறு மாதிரி இருக்கட்டும்."

விடியற்பனியில் மலை பாதி கரைந்து நிற்கும். இரும்பு என் கால்களுக்கிடையே பின்னோக்கிச் சென்று, மூச்சோடு மார்பளவு எழும்பி, அங்கே ஒரு கணம் எடையற்று நிற்கும். அந்த ஒரு கணத்தில் நானும் எடையற்றவனாவேன். கோபுரத்து விளக்குகள் பனிக்குள் மிதக்க, நான் நிற்பது மாடியிலா படியிலா என்பதே மறந்துவிடும்.

அந்த மயக்கத்தில்தான் பிழையும் நேர்ந்தது. காவடிக்குரிய நெறி இதற்கும் உரியது என்று எண்ணி, எடுத்த இரும்பைப் பயிற்சி முடியும்வரை நான் தரையில் வைக்கவில்லை. இளைப்பு வரும்போது மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஒருநாளும் விடாமல், ஒருவேளை உணவோடு, விரதம்போல் செய்தேன். வைகாசியில் சட்டை தொளதொளத்தது. மாசியில் மார்பளவு எழும்பிய இரும்பு இப்போது இடுப்பளவோடு நின்றது.

மகள் வந்தபோது அதை அணைத்தபடியே அவளை வரவேற்றேன்.

"கீழ வைக்கவே மாட்டியா?"

"எடுத்தத வைக்கலாமா, கண்ணு?"

"இது இன்னா காவடியா? இரும்பு, நைனா. தூக்கும்போது சதை தேயுது. வெச்சிட்டு, துன்னுட்டு, தூங்கும்போதுதான் வளருது. நீ அத வளரவே வுட மாட்டேன்ற."

குற்றம் புரிபவன்போல் இரும்பை மெல்லத் தரையில் இறக்கினேன். அன்றுமுதல் வாரத்தில் மூன்று நாட்கள் மட்டுமே பயிற்சி. மற்ற நாட்களில் சுண்டலும் வேர்க்கடலையும் தயிரும், நெடிய மதிய உறக்கமும். மின்விசிறியின் கீழே, பாதி உறக்கத்தில், தொடைகளுக்குள் ஏதோ ஒன்று சத்தமின்றிக் கட்டப்படுவதைக் கேட்பதுபோலிருக்கும். விழிக்கையில் கால்கள் வலிக்கும், அவ்வலி இனித்தது.

இவ்வாண்டு ஆடியில் காவடி மீண்டும் என் தோளில் ஏறியது. சாமந்தி வாசனையும் அரோகரா ஒலியும் சூழ, படிகள் கீழே நழுவிக்கொண்டிருந்தன. சென்ற ஆண்டு நின்ற இடத்தை எப்போது கடந்தேனென்று தெரியவில்லை. உச்சிக்கு அருகே தோள் தீயாய் எரிந்தது. நின்றேன்.

"தா மச்சான்," என்றார் கூடவே ஏறிவந்த பாவா, தோளைச் சாய்த்தபடி.

"இருங்க பாவா. கொஞ்சம் மூச்சு வுட்டுக்கறேன்."

கூட்டம் இருபுறமும் ஆற்றுநீர்போல் ஒதுங்கி ஏறியது. எரிச்சல் தணியும்வரை சுமையோடு நின்றேன். பிறகு காலெடுத்தேன், தொடை தூக்கிக் கொடுத்தது.

சன்னதியில் காவடியை இறக்கிய பின் பாவா என் மேற்கையை அழுத்திப் பார்த்தார்.

"இன்னாத்த துன்ற நீ?"

"துன்னுட்டுத் தூங்கறேன், பாவா."

அவர் நம்பவில்லை. மறுகையையும் அழுத்திப் பார்த்தார். சுமை நீங்கிய என் தோள் மட்டும், என்னைக் கேளாமலே, மெல்ல மேலெழுந்துகொண்டிருந்தது.