கார்டு எடுக்கிற சிஸ்டர்

துணை சுகாதார நிலையத்து நர்சுக்கு மருந்து கொடுப்பது பாதி வேலை. நாம் கொடுப்பதும் மருந்துதான் என்று ஜனங்களை நம்பவைப்பது மீதி வேலை.

இலஞ்சிப் பக்கம் ஒரு நிலையத்தில் இருக்கிறேன். சர்க்கரை, பிரஷர் பார்ப்பேன், மாதாமாதம் மாத்திரை தருவேன், புண்ணுக்குக் கட்டுப் போடுவேன். என் கைக்கு மீறினால் டாக்டரிடம் அனுப்புவேன். எல்லாம் இலவசம். வினையே அங்கேதான் ஆரம்பம். ஜனங்களோடு மல்லுக்கட்டும் வேலையில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்கவா வேண்டும்?

படுத்தால்தான்

சுடலைமுத்து அண்ணாச்சி பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் லோடுமேன். சர்க்கரை உண்டு. இடது கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது. அரசாங்கக் காப்பீட்டுக் கார்டு இருக்கிறதே என்று தென்காசியில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி, "இங்கன கார்டு எடுக்காவளா?" என்று கேட்டிருக்கிறார். கட்டுப் போடுவதற்கெல்லாம் கார்டு செல்லாது, உள்ளே படுத்தால்தான் செல்லும் என்று எல்லா இடத்திலும் ஒரே பதில்.

கடைசியாகப் போன இடத்தில் இதைக் கேட்டதும் அண்ணாச்சி துண்டை உதறி, வாசல் பெஞ்சில் விரித்து, நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டாராம். கவுண்டரில் இருந்த பெண் பதறிக்கொண்டு ஓடிவர, படுத்தபடியே சொல்லியிருக்கிறார்:

"படுத்தாச்சு தாயி. இப்பக் கார்டத் தேச்சுக்கோ."

ஓசி

பிறகு அவர் மனைவி செண்பகம் அவரை என்னிடம் இழுத்துக்கொண்டு வந்தாள். காலில் துணி சுற்றியிருந்தது. அவிழ்க்கப் போனேன். "மொதல்ல கார்டு எடுப்பியளா, அதச் சொல்லுங்க" என்றார். இங்கே கார்டே வேண்டாம், ஓசிதான் என்றேன். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். கார்டு எடுக்காத இடத்தில் மருந்து மட்டும் எப்படி நல்லதாக இருக்கும் என்பது அவர் கட்சி.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இப்படியே போட்டு வச்சிருந்தா விரலையே வெட்டணும் அண்ணாச்சி. அதுக்குன்னா கார்டு ஜோராச் செல்லும்!" என்று கத்தினேன். பயப்படுவார் என்று பார்த்தால், அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பிடிச் சொல்லுங்க! எந்த ஆஸ்பத்திரி அது?"

கடல் கடந்த சந்தேகம்

அன்றைக்கே மும்தாஜ் பிரஷர் மாத்திரைக்கு வந்தாள். அவள் வீட்டுக்காரர் சவுதியில். வீடியோ காலில் என்னைக் காட்டினாள். டாக்டர் இல்லாமல் நர்ஸ் எப்படி மாத்திரை தரலாம் என்று அங்கிருந்து விசாரணை. முதலில் எழுதிக் கொடுத்தது டாக்டர், மாதாமாதம் பிரஷர் பார்த்துத் தருவது நான் என்று விளக்கினேன். மனுஷன் தலையை ஆட்டினார்.

"அப்பச் சரி. அப்பிடியே என் முதுகுவலிக்கும் ஒரு மாத்திர சொல்லுங்க சிஸ்டர்."

முன்னும் பின்னும்

அண்ணாச்சி கட்டுப் போட்டுக்கொள்ளாமலே போய்விட்டார். இரண்டு நாள் கழித்துச் செண்பகம் அழுதுகொண்டே வந்தாள். "விரலு போயிட்டா மூடைய எப்பிடித் தூக்குவாவ? எங்க சோறே அந்தக் கால்லதான் நிக்கி, சிஸ்டர்!" என்றாள்.  மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன்.

அண்ணாச்சி கட்டிலில் போர்வைக்குள் காலை ஒளித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கார்டை எடுங்க" என்றேன். பிளாஸ்டிக் உறையிலிருந்து பயபக்தியோடு எடுத்துக் கொடுத்தார். முன்பக்கம் பார்த்தேன். பின்பக்கம் பார்த்தேன். அவர் பேரை உரக்க வாசித்தேன். பிறகு திருப்பிக் கொடுத்து, "பார்த்தாச்சு. இனி காலை நீட்டுங்க" என்றேன். கார்டு வேண்டாம் என்றுதானே சட்டம்? பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

கால் தானாக வெளியே வந்தது. புண் ஆழம்தான், ஆனால் எலும்பைத் தொடவில்லை. கழுவிக் கட்டி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடமும் காட்டி மருந்து வாங்கினோம். தினமும் கட்டு மாற்றுவது என் பொறுப்பு. நான் கட்டிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி மனைவியைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்:

"பாத்தியாட்டி? கார்டக் காட்டுனதும் என்னமா கவனிக்காவ!"

சாரல்

புண் ஆறிவரும் நேரத்தில் குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. கட்டு நனையவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஒரு காலையில் தலையில் எண்ணெய் மினுமினுக்க, கால் கட்டுத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நிற்கிறார். அடப்பாவி மனுஷா! நான் போட்ட சத்தத்தில் ஊசிக்கு வந்த பிள்ளைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டன. அண்ணாச்சி தலையைச் சொறிந்தார்.

"அருவியில தலையத்தான் காட்டுனேன் சிஸ்டர். காலு தானாக் கூட வந்துட்டு."

வாசலில் கூட்டம்

அதற்குப் பிறகு சொன்ன பேச்சைக் கேட்டார். சாரல் ஓய்வதற்குள் புண் மூடிவிட்டது. விரல் நகத்தோடு முழுசாக இருந்தது. புதுத் தோலைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. செண்பகம் என் கையைப் பிடித்தவள் வெகுநேரம் விடவில்லை. அண்ணாச்சி செருப்புப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகத் தொடங்கினார்.

அடுத்த வாரம் நிலையத்தைத் திறக்கப் போனால் வாசலெல்லாம் லோடுமேன்கள். ஆளுக்கொரு கார்டு கையில். இந்த சிஸ்டர் கார்டு எடுக்கிறாள் என்று மார்க்கெட் முழுக்கப் பரப்பிவிட்டார் மனுஷன்! வேறு வழி? ஒவ்வொரு கார்டையும் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு விரலில் குத்தினேன். சர்க்கரை இருப்பதே தெரியாமல் மூட்டை சுமந்துகொண்டிருந்தவர்கள் சிலர் சிக்கினார்கள். நல்லதுதானே என்று நான் பூரித்துப்போய் நிமிர்ந்தால், அண்ணாச்சி ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்து, கார்டை உயர்த்திப் பிடித்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார்:

"நல்லாப் பாத்துக்கோங்கலே, என் விரலக் காப்பாத்துனது இந்தக் கார்டுதாம்லே!"

படித்தது நான், பரீட்சை எழுதியது நான், கைராசி என்று பேர் வாங்கியது மட்டும் அந்தக் கார்டு.