வெறும் வயிற்று ஏலம்

பிள்ளைகளா, போன வாரம் சாப்பிடும்போது நீங்கள் இருவரும் என்னைக் கேட்டீர்கள். "போன்லயே கடன் தர்றாங்களேப்பா, நீங்க ஏன் இன்னும் மாசாமாசம் சீட்டுக்குன்னு ஸ்ரீரங்கத்துக்குப் போறீங்க?" வாயில் சோறு இருந்ததால் சிரித்துவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் எழுதினால் நிதானமாகச் சொல்லலாம் என்று தோன்றியது.

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நடந்தது. மேஸ்திரியிடமிருந்து பிரிந்து, பெயிண்டிங் வேலையைத் தனியாக எடுத்துச் செய்ய ஆரம்பித்த புதிது. மன்னார்புரத்தில் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பின் வெளிச்சுவர் முழுவதையும் அடிக்கும் வேலை வந்தது. அதுவரை அறை, சமையல்கட்டு, இரும்புக் கேட் என்று அடித்துக்கொண்டிருந்தவனுக்கு அது மலை மாதிரி வேலை. ஆனால் முதல் கோட் முடிந்த பிறகுதான் பணம் என்றார்கள். பெயிண்ட், சாரத்துக்கு முன்பணம், கூட வரும் ஆட்களின் கூலி எல்லாம் என் கையிலிருந்து போக வேண்டும். திங்கட்கிழமை சாரம் கட்டாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

பேங்குக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார்.

"கடை எங்க இருக்குங்க?"

"கடை இல்லைங்க சார். வேலை எந்த வீட்டுலயோ, அந்த வீட்டு வாசல்தான்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வருமான வரிக் கணக்கு வேண்டும், தொழில் நடக்கும் இடத்துக்குச் சான்று வேண்டும், எல்லாம் இருந்தாலும் நாள் பிடிக்கும் என்றார். பொய் சொல்லி அலையவைக்கவில்லை, அந்த மட்டில் சந்தோஷம்.

அடுத்து, தினசரி வசூலுக்குக் கடன் கொடுக்கும் ஒருவரிடம் போனேன். திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்று சொன்னதுதான் தாமதம், "அவசரம்னா ரேட்டு வேறங்க" என்றார். முதலிலேயே ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பாராம். கணக்குப் போட்டுப் பார்த்தால், மூன்று மாடியையும் அவருக்காகவே அடித்த மாதிரி ஆகிவிடும். அவசரத்தை வெளியே காட்டியதால்தானே விலை ஏறியது, இனிமேல் யாரிடமும் காட்டக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மிச்சம் இருந்தது நான் மாதாமாதம் கட்டிவந்த சீட்டு ஒன்றுதான். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிப் பக்கம் பூக்கடை வைத்திருக்கும் அக்கா, தன் வீட்டு முன்னறையில் நடத்துவது. லட்ச ரூபாய்ச் சீட்டு. மாதம் ஒருவர் எடுக்கலாம். யாருக்கு என்பதை ஏலம்தான் முடிவு செய்யும். யார் அதிகமாகத் தள்ளிக் கேட்கிறாரோ, அதாவது அந்த லட்சத்தில் அதிகம் விட்டுக்கொடுக்கிறாரோ, அவருக்குச் சீட்டு. அவர் விட்ட பணம் மற்றவர்களுக்குப் பிரிந்து போகும். அவசரக்காரன் எவ்வளவு தவிக்கிறானோ அவ்வளவு மற்றவர்களுக்கு லாபம். சீட்டு என்றால் அதுதான்.

அந்த ஞாயிறு சாயங்காலம் போனபோது எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன் முன்வரிசையில் இருந்தார். கரிப்புகை நெஞ்சுக்கு ஆகவில்லை, கேஸில் சூடாகும் இஸ்திரிப் பெட்டிக்கு மாற வேண்டும், இந்த மாதச் சீட்டு எனக்குத்தான் என்று அவர் ஏற்கனவே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். எனக்கும் தெரியும். தெரிந்தும் ஏலத்தில் இறங்கினேன்.

குறைந்தபட்சத் தள்ளு ஐந்தாயிரம். "ஏழு" என்றார் அண்ணன். நான் "பத்து" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு "பன்னெண்டு" என்றார். அதற்கு மேல் எனக்கு நிதானம் இல்லை.

"இருபத்தஞ்சு."

ஆட்டோ ஓட்டும் ஒரு தம்பி தொடையில் தட்டிக்கொண்டு, "இன்னைக்கு நம்ம வீட்ல பிரியாணிதான்" என்றான். அக்கா பூக்கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"டீ இன்னும் வரல. வெறும் வயித்து ஏலம் இங்க செல்லாதுங்க. டீ குடிச்சிட்டு முதல்லேர்ந்து கேளுங்க."

அது அந்தச் சீட்டின் வழக்கம். எப்போது, எதற்காக வந்தது என்று யாருக்கும் தெரியாது. நானும் அதை விளையாட்டு என்றே நினைத்திருந்தேன்.

"அக்கா, என் பிரியாணி" என்றான் ஆட்டோக்காரத் தம்பி.

"உனக்கு ரெண்டு பிஸ்கட் சேத்துத் தரேன், சும்மா இரு."

டம்ளரை என் கையில் கொடுக்கும்போது அக்கா கேட்டார். "கால்வாசியை விட்டுட்டுப் போற அளவுக்கு என்னங்க அவசரம்? சொன்னாத்தானே தெரியும்."

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். டீயின் சூடோ, அவர் கேட்ட விதமோ, தெரியவில்லை. மன்னார்புரம், சாரம், திங்கட்கிழமை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லி முடித்ததும் பயம் வந்தது. தினவசூல்காரர் முகம் மாறிய மாதிரி இவர்கள் முகமும் மாறும் என்று பார்த்தேன்.

இஸ்திரி அண்ணன் டீயை ஊதிக்கொண்டே சொன்னார். "இதை முதல்லயே சொல்றதுக்கு என்னப்பா? வீட்ல கரி மூட்டை இன்னும் கிடக்கு. அது தீரட்டும், நான் அப்புறம் பாத்துக்கறேன்." சொல்லிவிட்டு இருமினார். இருமல் நிற்கக் கொஞ்சம் நேரமானது.

டம்ளர்களை வாங்கி வைத்துவிட்டு, "ம், கேளுங்க" என்றார் அக்கா.

"அஞ்சு" என்றேன்.

"அஞ்சு ஒரு தரம்."

ஒருவரும் நிமிரவில்லை. பாயின் கோரையை எண்ணுவதுபோலத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். "ரெண்டு தரம்." ஆட்டோக்காரத் தம்பி வாயைத் திறந்தான். மொத்த அறையும் அவனைத் திரும்பிப் பார்த்தது.

"கொட்டாவிங்க" என்றான்.

மூன்றாம் தரமும் ஆனது. ஜாமீன் போட ஒருவர் வேண்டும் என்றார் அக்கா. யாரைக் கேட்பது என்று நான் விழித்துக்கொண்டிருக்கையில் அதே தம்பிதான் பேனாவை வாங்கினான். "என் வீட்டுக்கு வெள்ளையடிச்ச கூலியே நான் இவருக்கு இன்னும் பாக்கி. இவரு ஓடிப்போனா நஷ்டம் இவருக்குத்தான்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை. மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். என் தவிப்பில் அத்தனை பேருக்கும் பங்கு இருந்தது; கை நீட்டினால் போதும், கிடைத்திருக்கும். வேண்டாம் என்று அவர்கள் பேசி முடிவு செய்யக்கூட இல்லை. டீ குடித்தார்கள், அவ்வளவுதான்.

அக்கா எண்ணிக் கொடுத்த பணத்தில் திங்கட்கிழமை சாரம் ஏறியது. அந்தச் சுவரைப் பார்த்துத்தான் அடுத்த கட்டடமும் வந்தது. நீங்கள் படித்தது அந்த வேலைகளில் வந்த பணத்தில். அடுத்த மாதச் சீட்டை அண்ணன் எடுப்பார் என்று நினைத்திருந்தேன். அந்த மாதம் வேறொருவர் வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தது. அண்ணன் அப்போதும் டீயை ஊதிக்கொண்டு ஏலம் கேட்காமல் விட்டுக்கொடுத்தார். கேஸ் பெட்டி வாங்க இன்னும் சில மாதங்கள் ஆயின. அதுவரை துணி கொடுக்கப் போகும்போதெல்லாம் அந்த இருமலைக் கேட்டேன். என்னால் அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதையும் உங்களிடம் சொல்லத்தான் வேண்டும். போனில் கடன் வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பாயில் போய் உட்கார வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் சீட்டு எடுத்த அந்த ஞாயிறு, மற்றவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, நான் முதலில் வெளியே வந்தேன். காவிரிப் பக்கமிருந்து காற்று பலமாக அடித்தது. தெருமுனையில் அண்ணனின் வண்டியை மூடியிருந்த தார்ப்பாய் ஒரு பக்கம் கழன்று படபடத்துக்கொண்டிருந்தது. தெருவில் யாரும் இல்லை. தார்ப்பாயை இழுத்துப் பிடித்து, கயிற்றைச் சக்கரத்தோடு சேர்த்து, சாரத்துக்குப் போடும் முடிச்சாக இரண்டு பக்கமும் கட்டினேன். ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு என் வண்டியை எடுத்தேன்.