லிப்ட்காரரின் மூன்று டம்ளர்கள்

நான் அந்த வீட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது லிப்ட்காரருக்குப் பேச்சு போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கையும் காலும் வரவில்லை. விழுங்க முடியாததால் வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் ஆகாரம். கண் திறந்து பார்ப்பார். பார்ப்பது நம்மையா சுவரையா என்று சொல்ல முடியாது. மறுவாழ்வு மருத்துவமனையிலிருந்து வந்த பயிற்சியாளர் கரண்டி, நாய், குடை என்று படங்களை நீட்டி, "இதுல நாய் எது, காட்டுங்க" என்றார். லிப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "புரிதல் இல்லை" என்று எழுதிக்கொண்டு பயிற்சியாளர் போய்விட்டார்.

புரிதல் உள்ளவருக்குத்தான் மறுவாழ்வு மருத்துவமனையில் படுக்கை. தினமும் பேச்சுப் பயிற்சி, கைகால் பயிற்சி. புரிதல் இல்லாதவர் நீண்டகாலப் பராமரிப்பு விடுதிக்குப் போவார். சுத்தமாக வைத்திருப்பார்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைப்பார்கள். அப்படி ஒரு விடுதியில் நான் பதினோரு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். குறை சொல்லமாட்டேன். ஆனால் அங்கே போனவர் எழுந்து வீட்டுக்கு வந்ததை நான் பார்த்ததில்லை.

விடுதிக்கான படிவம் லிப்ட்காரர் மகளின் கைப்பையில் இருந்தது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். மறுபடி சோதிக்கச் சொல்லிக் கேட்பதானாலும் அதற்கும் திங்கள்தான் கெடு. மகள் கணக்கு டீச்சர். "எதை வச்சுக் கேக்கறது சிஸ்டர்? எனக்கே நம்பிக்கை இல்லையே" என்றாள். தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்வது என் தொழிலில் குற்றம், அதனால் ஆகாரப் பாத்திரத்தைக் கழுவப் போனேன்.

ஊர் ஊராகப் போய் லிப்ட் ரிப்பேர் செய்தவர் லிப்ட்காரர். அவர் எப்படிப்பட்டவர் என்பதை அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். குழாயில் ஆகாரம் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். அலமாரியில் நாற்பத்திரண்டு நோட்டுகள் இருந்தன. கணக்கு வழக்காக இருக்கும் என்று ஒன்றை எடுத்தேன். முழுக்கப் பீர்!

ஒரு சிறிய பீர் ஆலையில் சரக்கு லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டதாம். இவர் போய்ச் சரிசெய்தார். ஆலைக்காரர் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். அதுவரை பீர் என்றால் சில்லென்று கசக்கிற தண்ணீர் என்றுதான் நினைத்திருக்கிறார். முதல் நோட்டின் முதல் வரி இது: "இன்று ஒரு பானத்துக்குள் மூன்று அறைகள் இருப்பதைப் பார்த்தேன். ஒன்றைத் திறந்தால் அடுத்தது." மறுநாளும் அந்த ஆலைக்குப் போயிருக்கிறார், லிப்ட் நன்றாக ஓடுகிறதா பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு. அதற்கடுத்த நாளும். எட்டாம் நாள் ஆலைக்காரர், "லிப்ட் நல்லாத்தான் இருக்கு, உள்ள வந்து உக்காருய்யா" என்றாராம்.

அன்றிலிருந்து எந்த ஊரில் வேலையோ அந்த ஊரின் சின்னச் சின்ன ஆலைகளைத் தேடிப் போவது, ஒரு டம்ளருக்கு ஒரு பக்கம் எழுதுவது. குடிகாரர் இல்லை; ஒரு டம்ளரை முக்கால் மணி நேரம் வைத்துக்கொண்டு உட்காருகிறவரைக் குடிகாரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு பக்கத்தில் இப்படி: "நுரை நாலு நிமிடம் நின்றது. முதல் வாய் ஆரஞ்சுத் தோல். பிறகு மழையில் நனைந்த சணல் கயிறு. கடைசியில் பென்சில் சீவிய வாசனை. இன்னொரு முறை பார்க்க வேண்டும், இன்று எனக்கு ஜலதோஷம்." இன்னொன்றில்: "பழைய மோட்டார் சூடேறும்போது வருகிற வாசனை. குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த வாசனை பிடிக்கும்."

புண்ணையும் மூச்சையும் மோந்து பார்த்தே காலம் தள்ளியவள் நான். அது நல்லதா கெட்டதா என்பதோடு என் மூக்கின் வேலை முடிந்துவிடும். ஒரு மனிதர் ஒரு மடக்கை வைத்துக்கொண்டு இத்தனை தூரம் நடந்து போயிருக்கிறாரே என்று வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். குழாயில் ஆகாரம் தீர்ந்தது கூட ஒருநாள் கவனிக்கவில்லை. என் உத்தியோகத்தில் அது முதல் தடவை.

அவருக்கு மூன்று கூட்டாளிகள். வீட்டிலேயே பீர் வடிக்கும் பஸ் டிரைவர், பல் டாக்டரம்மா, தரைக்கு ஓடு பதிக்கிற டைல்ஸ்காரர். மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் கூடுவார்கள். அவர்களுக்கு ஒரு சோதனை முறை உண்டு. ஆளுக்கு மூன்று டம்ளர். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று மோந்து, ருசித்து, அந்த டம்ளரை விரலால் முன்னால் தள்ள வேண்டும். பேசக் கூடாது, ஒருவர் பேச்சு அடுத்தவர் நாக்கைக் கெடுத்துவிடுமாம். ஊற்றுகிறவர் சமையலறையில் நின்று ஊற்றி, எதில் எது என்று சீட்டில் எழுதி வைத்துக்கொள்வார்.

படிவம் போகிற திங்களுக்கு முந்தின ஞாயிறு கூட்டாளிகள் வந்தார்கள். வழியனுப்ப வருகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் டைல்ஸ்காரர் சவரம் செய்து இஸ்திரிச் சட்டை போட்டு வந்திருந்தார்.

"சிஸ்டர், அண்ணனுக்கும் ஒரு வாய்..." என்று டிரைவர் இழுத்தார்.

"விழுங்கினா நுரையீரலுக்குப் போகும். அப்புறம் நிமோனியா. நீங்க வந்து பாத்துப்பீங்களா?"

"ஐயோ, நான் எதுவும் கேக்கலம்மா."

இதை நான் முன்பே மருத்துவரிடம் கேட்டு வைத்திருந்தேன் என்பதைப் பிறகுதான் சொன்னேன். நேராக உட்கார வைத்து, வாயைச் சுத்தம் செய்து, பஞ்சுக் குச்சியை நனைத்து, பிழிந்து, நாக்கில் தொட்டு எடுக்கலாம். ஒரு தரத்துக்கு ஒரு சொட்டுக்கு மேல் கூடாது.

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன, உயிரை வாங்கறீங்களே!" என்றார் டிரைவர்.

நான் குடிக்காதவள் என்பதால் ஊற்றும் வேலை என் தலையில் விழுந்தது. டிரைவர் வடித்த பீர் இரண்டு வகை. எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் என்று பாட்டிலில் பேனாவால் எழுதியிருந்தார். இரண்டும் ஒரே பார்லிதான். கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவை ஒன்றில் முன்னால் போட்டார், மற்றதில் பின்னால் போட்டார், அவ்வளவே வித்தியாசம். எனக்கு எல்லாம் ஒரே வாடைதான். நாலு தட்டில் மூன்று மூன்றாக ஊற்றினேன்.

டாக்டரம்மா சரியாகத் தள்ளினார். டைல்ஸ்காரரும் சரி. வடித்தவரான டிரைவர் தப்பு.

"பெத்த புள்ளையே அடையாளம் தெரியல இவருக்கு" என்றார் டாக்டரம்மா.

"ஸ்டாப்பிங்ல ஏத்த வேண்டியவங்களையே விட்டுட்டுப் போறவர்தானே" என்றார் டைல்ஸ்காரர்.

லிப்ட்காரரை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தலையணை கொடுத்திருந்தேன். முதல் டம்ளரை மூக்கருகே பிடித்தேன். மூச்சை இழுத்தார். அந்த மூச்சு வேறு மாதிரி இருந்தது. சின்னச் சின்னதாக, மூன்று தரம். பிறகு நாக்கில் குச்சி. இப்படியே மூன்றும். முடித்ததும் இடது கை விரலால் முதல் டம்ளரைத் தட்டினார். மறுபடி வேண்டும் என்று. மறுபடி கொடுத்தேன்.

கை எழுந்தது. நடு டம்ளரை முன்னால் தள்ளினார்.

சீட்டைப் பார்த்தேன். ஒன்பது, எட்டு, ஒன்பது. சரி!

டைல்ஸ்காரர் எழுந்தே விட்டார். மகள் மட்டும் கதவில் சாய்ந்தபடி, "மூணுல ஒண்ணு. குருட்டாம்போக்குல தள்ளினாக்கூட சரியா வரும்" என்றாள். கணக்கு டீச்சர் சொன்னது கணக்குப்படி சரிதான்.

ஆனால் அவர் கையை எடுக்கவில்லை. மூன்றாவது டம்ளரையும் தள்ளினார், நடு டம்ளர் பக்கம் போகாமல், மேஜையின் அந்த ஓரத்துக்கு. முதல் டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூன்றும் மூன்று திசையில் நின்றன. அத்தனை பேர் முகமும் விழுந்துவிட்டது. கைக்கு எட்டியதையெல்லாம் தள்ளுகிறார், அவ்வளவுதான் என்று தோன்றியது.

"பாத்தீங்களா?" என்றாள் மகள். "போதும் சிஸ்டர், எடுத்து வச்சிடுங்க."

நான் டம்ளரில் கை வைத்தேன். அவர் மேஜையை அடித்தார். மூன்றாவது டம்ளரைக் காட்டி மறுபடி ஓங்கி ஒரு அடி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசித் தட்டில், கடைசி டம்ளருக்கு வரும்போது ஒன்பதாம் நம்பர் பாட்டில் தீர்ந்துபோனது. இரண்டாவது ஒன்பதாம் நம்பரைத் திறந்து ஊற்றினேன். அதே நம்பர்தானே என்று யாரிடமும் சொல்லவில்லை.

"எல்லாரும் இருங்க" என்று சொல்லி இரண்டு காலிப் பாட்டிலையும் கொண்டு வந்து வைத்தேன். ஒன்று பழுப்புக் கண்ணாடி. மற்றது வெள்ளைக் கண்ணாடி.

டாக்டரம்மா மூன்றாவது டம்ளரை மோந்தார். முகம் சுளித்தது. "வெயில் அடிச்சிருக்கு."

எல்லோரும் டிரைவரைப் பார்த்தார்கள்.

"கூடையில எடம் இல்ல" என்றார் டிரைவர், திருடனைப் போல. "ஒண்ணே ஒண்ண முன்கண்ணாடி ஓரம் வச்சுக் கார் ஓட்டிட்டு வந்தேன். அரை மணி நேரந்தானேன்னு..."

"வெள்ளை பாட்டிலை வெயில்ல வச்சியா? இருவது வருஷமா பீர் வடிக்கிறேன்னு வெளிய சொல்லாத" என்றார் டைல்ஸ்காரர்.

ஹாப்ஸ் பூவின் கசப்பு வெயில் பட்டால் கெட்டு நாறுமாம். இதைக் கண்டுபிடிப்பது அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. மோந்தவுடன் டைல்ஸ்காரரும் சொல்லிவிட்டார். என்னை உலுக்கியது வேறு. இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு என்பது விதி. அந்த விதி அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேள்வியே தப்பு என்பதும் தெரிந்திருக்கிறது. தப்பான கேள்விக்கு ஒப்புக்காக ஒரு பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காமல், மூன்றும் வேறு என்று மேஜையை அடித்திருக்கிறார். பாதி உடம்பு வராத மனிதர், பேச்சு இல்லாதவர். என் கையிலிருந்த சீட்டுதான் பொய் சொல்லியிருக்கிறது.

மகள் சமையலறைக்குள் போனாள். வரும்போது அவளே மூன்று டம்ளர் கொண்டு வந்தாள்.

"நான் ஊத்தினேன். எதுல எதுன்னு யாருக்கும் சொல்லமாட்டேன். சிஸ்டர், உங்களுக்கும்தான்."

மோந்தார், ருசித்தார். இந்தத் தடவை ரொம்ப நேரம் எடுத்தார். பிறகு ஒரு டம்ளரை இழுத்து இன்னொன்றோடு ஒட்டி வைத்தார். மூன்றாவதையும் இழுத்து அவற்றோடு ஒட்டி வைத்தார். மூன்றும் ஒன்றோடொன்று இடித்து 'டிங்' என்றன. தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். பரீட்சையில் யாராவது காப்பியடித்து அவளிடம் மாட்டினால் அவள் எப்படிப் பார்ப்பாளோ, அந்தப் பார்வை.

"மூணுமே எட்டு" என்றாள் மகள். "ஒரே பாட்டில்." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா. உள்ளதான் இருக்கீங்களா? இத்தன நாளா உள்ளயேவா இருந்தீங்க?"

டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். நான் லிப்ட்காரரின் வாயைத் துடைத்து, அரை மணி நேரம் சாய்க்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொன்னேன்.

திங்கள் காலை மகள் படிவத்துக்குப் பதில் மறு சோதனைக்கு எழுதிக் கொடுத்தாள். வியாழன் அதே பயிற்சியாளர் வந்தார். ஆகாரம் ஏறிய தூக்கத்தில் சோதிக்கக் கூடாது, காலையில் வாருங்கள் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். முதல் தடவையே சொல்லியிருக்க வேண்டும். நாய் படத்தை நீட்டியதும் இவருக்குச் சலிப்பு வந்து கண் பாதி மூடியது. மகள் குறுக்கே விழுந்து, "நாய், குடையெல்லாம் வேண்டாங்க. லிப்ட் படம் வரைஞ்சு குடுங்க. எங்க கோளாறுன்னு கேளுங்க" என்றாள். பயிற்சியாளர் தெரிந்த வரைக்கும் ஒரு லிப்ட் வரைந்தார். இவர் அதை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, கூண்டின் எடைக்குச் சமமாக மறுபக்கம் தொங்கும் எதிர் எடைக் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்து அமுக்கினார். அந்தக் கட்டையை வரையாமல் விட்டது தனக்கே தெரியாது என்று பயிற்சியாளர் ஒத்துக்கொண்டார். படுக்கை கிடைத்தது.

பேச்சு முழுசாக வரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வராமலும் போகலாம். ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் காலை மகள் பெட்டியில் துணி அடுக்கினாள். இரண்டு நல்ல வெள்ளைச் சட்டை வைத்தாள். அவர் இடது கையால் அவற்றை எடுத்துக் கீழே போட்டார். மறுபடி வைத்தாள். மறுபடி போட்டார்.

"கிரீஸ் கறை படிஞ்ச அந்தப் பழைய சட்டையத்தான் போடுவீங்களா? அங்க வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

அவர் மேஜையை அடித்தார்.

"அடிங்க! நல்லா அடிங்க! நாப்பது வருஷமா இந்தப் பிடிவாதம்தானே. அம்மா பாவம், எப்படித்தான் காலம் தள்ளினாங்களோ!"

நான் வந்த நாளிலிருந்து அவள் அவரிடம் குழந்தையிடம் பேசுவது போலத்தான் பேசிக்கொண்டிருந்தாள். இப்போது கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். அவரும் விடவில்லை, வாயிலிருந்து ஏதோ ஒரு சத்தம், சொல் இல்லை, ஆனால் நல்ல கோபமான சத்தம். குழாயில் ஆகாரம் ஊற்ற நேரமாகியிருந்தது. சண்டை ஒரு வழிக்கு வரட்டும் என்று பாத்திரத்தோடு வாசலிலேயே நின்றேன்.