மழை வேண்டாத ஐப்பசி

பிறந்தது வானம் பார்த்த பூமியில். ஆனாலும் போன ஐப்பசியில் மழை வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டவன், திருச்சுழிப் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அங்கிருந்த ஒரு பயிர்க் காப்பீட்டுக் கிளையை, சென்னைத் தலைமையகத்தின் பழைய பெருங்கணினியான மெயின்ஃபிரேமோடு இணையம் வழியாக இணைப்பது என் வேலை. அந்தக் கிழட்டு இயந்திரத்துக்கு இணையத்தின் பாஷை தெரியாது. நடுவில் ஒரு பெட்டியை வைத்தேன். அது இருவருக்கும் மாற்றிச் சொல்லும். ஒரே தொல்லை, இயந்திரம் பழைய காலத்து ஆள். போகிறவர் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும். பட்டென்று வயரைப் பிடுங்கினால், கிளை இன்னும் உள்ளேயே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். திரும்ப வந்து கதவைத் தட்டினால், 'அதுதான் உள்ளே இருக்கிறதே, நீ யார்?' என்று விரட்டிவிடும். சென்னையில் யாராவது கையால் விடுவித்தால்தான் உண்டு. அந்த விதியை மாற்றத் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள்.

ஐப்பசி முடியும்வரை இணைப்பு அறுபடாமல் இருந்தால் கிளை இங்கேயே இருக்கும், அறுந்தால் அருப்புக்கோட்டையோடு சேர்த்துவிடுவோம் என்று தலைமையகம் சொல்லிவிட்டது.

கரண்டு போனால் தாங்க பேட்டரி வைத்தேன். ஆனால் எங்கள் பக்கத்தில் இடி இடித்தால் ஒரு பிளக் மிஞ்சாது. டிவி, மிக்சி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை. கிளையைப் பெருக்கித் துடைக்கும் அக்காவிடம் என் பெட்டியைத் தொடாதீர்கள், அதற்கு ஏதாவது ஆனால் ஆபீஸையே எடுத்துவிடுவார்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தலையாட்டினார்.

மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் இடித்தது. டீக்கடையிலிருந்து ஓடி வந்தேன். வயர்கள் தரையில் கிடந்தன. அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றார்.

"அதுக்கு ஒண்ணுன்னா ஆபீஸையே எடுத்துருவாகன்னு சொன்னீகள்ல தம்பி. அதான் மொதல்ல அதப் புடுங்கிட்டேன்."

வெளியே மழை கொட்டியது. வயர்களைத் திரும்பச் செருகிப் பார்த்தேன். திரையில் கிழம் எங்களை விரட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் பிழைப்பும் அந்தக் கிளையோடுதானே. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போலிருந்தது.

கிளையை எடுத்துவிட்டார்கள். அக்கா இப்போது என்ன செய்கிறார் என்று விசாரிக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த மழையில் அப்பாவின் குதிரைவாலிப் பயிர் பிழைத்துக்கொண்டது. காப்பீட்டுத் தவணை கட்ட அருப்புக்கோட்டை பஸ்ஸுக்குக் கிளம்பியவர், இங்கே இருந்த ஆபீஸை ஏன் மூடினார்கள் என்று கேட்டார். மழையால் என்றேன். சிரித்துவிட்டார்.

"மழையால கெட்டவன் நம்ம பக்கம் எவம்ப்பா இருக்கான்?"