பாவாடைக் கயிறு கட்டுகிற இடம்

எங்கள் வீட்டில் எல்லா வருத்தமும் முதலில் எனக்குத்தான் வந்தது. வந்ததாக நான் நினைத்தேன் என்று சொல்வதுதான் சரி. நுளம்பு கடித்த இடம் தடித்தால் டெங்கு. வயல் வரம்போரம் தேங்கிய தண்ணீரில் கால் வைத்துவிட்டால் எலிக்காய்ச்சல். ஒருமுறை விளாம்பழம் கூடுதலாகத் தின்று வயிறு வலித்ததற்கு நெருப்புக்காய்ச்சல் என்று முடிவெடுத்து, என்னுடைய புதுச் சப்பாத்தை யாருக்குக் கொடுக்கவேண்டும் என்றும் அம்மாவிடம் சொல்லிவைத்தேன். அப்பா காலையில் பல்லுத் தீட்டிக்கொண்டே, "இண்டைக்கு என்ன காய்ச்சல், டொக்டர்?" என்று கேட்பார். அம்மா என் கழுத்தில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "தவளை மாதிரிக் குளிருது, போய் முகத்தைக் கழுவு" என்பார்.

இதற்கெல்லாம் காரணம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த சுகாதாரப் பரிசோதகர். எங்கள் ஊர் நெடுங்கேணிக்கு அங்கால், காட்டோரம். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கிணறுகளை இறைத்து, பற்றைகளை வெட்டி, வளவு எது காடு எது என்று பிரித்துக்கொண்டிருந்த காலம். அந்தப் பரிசோதகர் காய்ச்சல்களைப் பிரித்துக் காட்ட வந்திருந்தார்.

"காய்ச்சல் எண்டது ஹோர்ன் சத்தம் மாதிரி, பிள்ளையள். சத்தம் ஒண்டு, பின்னாலை வாற வாகனம் வேறை வேறை. ஆர் கொண்டுவந்தது எண்டுதான் முதலிலை கேக்கவேணும்."

கரும்பலகையில் கோடு கீறினார். நுளம்பு கொண்டுவருவது ஒரு பக்கம், எலி கொண்டுவருவது ஒரு பக்கம், அழுக்குத் தண்ணீர், காற்று, கடைசியாக உண்ணி. ஒவ்வொன்றின் கீழும் அடையாளங்கள். டெங்கு என்றால் கண்ணுக்குப் பின்னால் நோகும். எலிக்காய்ச்சல் என்றால் கெண்டைக்கால் நோகும், கண் சிவக்கும். உண்ணிக்காய்ச்சலுக்கு வந்ததும் அவர் குரலைத் தணித்தார். பற்றைக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உண்ணி கடித்த இடத்தில், பீடியால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு வருமாம். நோகாது, அரிக்காது. அதனால் ஒருத்தரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லையாம்.

"அது ஒளிஞ்சுதான் இருக்கும். கக்கத்துக்கை, மடிப்புகளுக்கை, பாவாடைக் கயிறு கட்டுற இடத்திலை. அதைக் கண்டுபிடிச்சால் குளிசை இருக்கு, கெதியா மாறும். கண்டுபிடிக்காட்டித்தான் ஆபத்து."

பாவாடைக் கயிறு என்றதும் வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அன்று பின்னேரமே கிணற்றடி மறைப்புக்குள் போய், என் உடம்பில் எனக்குக் கண் எட்டிய இடமெல்லாம் தேடினேன். கண் எட்டாத இடங்களைச் சின்னம்மாவைக் கொண்டு பார்ப்பித்தேன்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. கலியாணம் முடிக்கவில்லை, எங்களோடுதான் இருந்தார். என் முதுகைப் பார்த்துவிட்டு, "ஐயோ பிள்ளை, பெரிசா ஒண்டு கிடக்கு" என்றார். நான் விறைத்துப்போனேன். "ஊத்தை. தேச்சுக் குளி" என்று தண்ணீரைத் தலையில் ஊற்றினார். வீட்டில் என்னைப் பகிடி பண்ணாதவர் யாரும் இல்லை. ஆனால் கேட்டபோதெல்லாம் அலுக்காமல் என் முதுகைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த வருடம் பாலைப்பழம் நிறையக் காய்த்தது. சின்னம்மா ஊர்ப் பெண்களோடு காட்டுக்குள் போய், பற்றைக்குள் குந்தியிருந்து பொறுக்கி, வாளி வாளியாகக் கொண்டுவந்தார். எங்கள் உதடுகள் பாலில் ஒட்டிக்கொள்ளும்வரை தின்றோம். பழக்காலம் முடிகிற நேரம் சின்னம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் பனடோலும் கொத்தமல்லித் தண்ணீரும். பிறகு தலையிடி, கண் திறக்கமுடியாத தலையிடி. அதற்குப் பிறகு நெஞ்சிலும் வயிற்றிலும் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாகப் போட்டது.

அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, பக்கத்து வளவில் இருந்தவர். வந்து வாசலில் நின்று பார்த்த உடனேயே கைகூப்பிவிட்டார். "அம்மாள் வந்திட்டா."

அதற்குப் பிறகு எங்கள் வீடு எங்கள் கையில் இல்லை. படலையில் வேப்பிலை கட்டப்பட்டது. குசினியில் தாளிப்பு நின்றது, மீன் நின்றது. யாரும் தலை வாரி இழுக்கக்கூடாது, வெளியாட்கள் வரக்கூடாது. முக்கியமாக, ஆஸ்பத்திரியும் குளிசையும் கூடாது. அம்மாள் குளிர்ந்து தானாகப் போகவேண்டும். மருந்து கொடுத்துத் துரத்தினால் கோபிப்பா. அம்மாவுக்கு அந்த அம்மை வருத்தம் வந்ததில்லை என்பதால் அறைக்குள் போகத் தடை. எனக்கு முந்தின வருடம் வந்து போயிருந்தது. ஆகவே பாயருகே இருந்து வேப்பங்கொத்தால் விசிறுகிற வேலை எனக்கு வந்தது.

விசிறிக்கொண்டே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதுதான் என் தொழில். எனக்கு வந்தபோது கொப்புளத்துக்குள் தண்ணீர் நின்றது. மாமியே அதை "முத்து" என்று சொல்லிச் சொல்லி எண்ணெய் இல்லாத சோறு தந்தார். சின்னம்மாவுக்கு ஒரு முத்தும் இல்லை. வெறும் சிவப்பு.

"மாமி, கொப்புளம் வரேல்லையே."

"அவா இன்னும் உள்ளுக்கை நிக்கிறா. வெளியிலை வரேல்லை. சத்தம் போடாமல் விசிறு."

பின்னேரம் சின்னம்மா வேர்த்துக் கொட்டினார். சட்டையை மாற்ற உதவும்போது, பாவாடைக் கயிறு இறுக்குகிறது என்று அவரே தளர்த்திவிட்டார். கயிறு கிடந்த தடத்தில், சரியாக அந்த இடத்தில், ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிவரச் சிவப்பு. பக்கத்தில் வேறு ஏதோ பழைய தழும்பும் கிடந்தது. ஆனால் அது கரும்பலகையில் இல்லாதது, ஆகவே நான் அதைக் கவனிக்கவில்லை.

"சின்னம்மா, இது என்ன?"

"அடுப்புப் பொறி பட்டிருக்கும்."

"நோகுதோ?"

"இல்லையடி."

சுட்ட புண் நோகவில்லை என்றால் அது சுட்ட புண் இல்லை. வேப்பங்கொத்தைப் பாயில் வைத்துவிட்டு எழும்பினேன். சின்னம்மா என் கையைப் பிடித்தார். அந்தக் கை அடுப்புச் சட்டிபோல் சுட்டது. "ஒருத்தருக்கும் சொல்லாதை, குஞ்சு. ஆஸ்பத்திரிக்கெண்டு வெளிக்கிடுவினம். அங்கை உடுப்பைக் கழட்டச் சொல்லுவினம்."

நான் நேரே குசினிக்குப் போய்ச் சொன்னேன்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். "உனக்கு ஒருநாள் எலிக்காய்ச்சல், ஒருநாள் டெங்கு, இப்ப அவளுக்கு உண்ணியோ?" என்றார். சொன்ன பிறகு ஊதுவதை நிறுத்திவிட்டு அறைப்பக்கம் பார்த்தார். முற்றத்தில் இருந்த மாமிதான் விடவில்லை. "படிக்கச் சொன்னதைப் படிக்கிறேல்லை. வருத்தத்தை மட்டும் பள்ளிக்கூடத்திலை இருந்து பொறுக்கிக்கொண்டு வாறாள்." அப்பா மாமிக்குத் தம்பி. அக்கா இருக்கிற இடத்தில் அவர் வாய் திறப்பதில்லை. சாக்கு ஒன்றைத் தேவையில்லாமல் மடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே சின்னம்மா கதைக்கத் தொடங்கினார். யாரோடு என்று தெரியவில்லை. என் பெயரைச் சொல்லி, மழை வருகிறது, உடுப்பை எடு என்றார். வெளியே வெயில் எரிந்துகொண்டிருந்தது. மாமி தலையை ஆட்டினார். "அம்மாள்தான் கதைக்கிறா."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அவ்வளவு காலமும் எனக்கு நானே பயந்த பயமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பக்கம் திரும்பி நின்றதுபோல் இருந்தது. மாமிக்கு முன்னால் போய் நின்றேன்.

"மாமி, நீங்கள்தானே எனக்கு முத்து எண்ணிக் காட்டினீங்கள். அம்மாளை உங்களுக்குத் தெரியும்தானே. ஒருக்கா உள்ளுக்கை போய் நீங்களே பாருங்கோ. ஒரு முத்து இருந்தாலும் நான் இனி வாய் திறக்கமாட்டன்."

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே போனார். நேரம் எடுத்துத்தான் வெளியே வந்தார். படலைக்கு நடந்து, தான் கட்டிய வேப்பிலையைத் தானே அவிழ்த்து, கண்ணில் ஒற்றி, வேலியோரம் வைத்தார். "தாயே, இது உன்ரை இல்லை. கோவிச்சுப்போடாதை" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "தம்பி, என்ன சாக்கு மடிச்சுக்கொண்டு நிக்கிறாய்? லாண்ட்மாஸ்டரை இழு."

உழவு இயந்திரத்தின் பெட்டியில் பாய் விரித்து, மாமியின் மடியில் சின்னம்மாவின் தலை. நான் காலடியில். ஒழுங்கையில் நின்ற சனம் வேப்பிலை அவிழ்ந்த படலையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர். காட்டுக்குப் போனவாவோ என்று கேட்டார். ஓம் என்றோம். உடம்பில் எங்கேனும் கறுப்பாய் ஏதும் காயம் இருக்கோ என்று கேட்டார். சின்னம்மா அந்தக் காய்ச்சலிலும் தலையை ஆட்டினார்: "ஒண்டும் இல்லை." பாவாடையைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வாங்குகளில் இருந்த அத்தனை பேரும் கேட்க, நான் சொன்னேன். "பாவாடைக் கயிறு கட்டுற இடத்திலை பாருங்கோ, டொக்டர்."

வயதான தாதி ஒருவர், மிஸ்ஸி என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம், திரையை இழுத்தார். கொஞ்ச நேரத்தில் டொக்டரைக் கூப்பிட்டார். டொக்டர் உள்ளே குனிந்து பார்த்து, "இதைத்தான் தேடினனான்" என்றார். அந்தச் சொல் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

சேலைனும் குளிசையும் தொடங்கின. மறுநாள் காய்ச்சல் தணிந்தது. அதற்கடுத்த நாள் சின்னம்மா எழுந்திருந்து, பக்கத்துக் கட்டில்காரி சாப்பிட்ட மீன்குழம்பை மணந்து, "எனக்கு ஏன் கஞ்சி?" என்று சண்டை பிடித்தார். அம்மா சிரித்துச் சிரித்து அழுதார். ஆர் அந்தப் பொருக்கைக் கண்டது என்று டொக்டர் கேட்க, மாமி முந்திக்கொண்டார். "என்ரை மருமகள்தான். அவளுக்கு நான் முத்தெல்லாம் பழக்கி வைச்சிருக்கிறன்."

ஊர் திரும்பியபோது நான் பெட்டியில் நின்றுகொண்டே வந்தேன். இருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் எங்கள் ஒழுங்கையில் காய்ச்சல் என்றால் முதலில் என்னிடம்தான் காட்டினார்கள். கக்கத்தைத் தூக்கினார்கள், கெண்டைக்காலை நீட்டினார்கள். ஒரு மாமா மாட்டுண்ணி ஒன்றை நெருப்புப்பெட்டிக்குள் போட்டு, இது கடித்தால் என்னவாகும் என்று மரியாதையோடு கேட்டார். நானும் மரியாதையோடு, ஆஸ்பத்திரிக்குப் போங்கோ என்றேன். அப்பா "டொக்டர்" என்றுதான் கூப்பிட்டார், ஆனால் பல்லுத் தீட்டிக்கொண்டு அல்ல.

நான் டொக்டராகவில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது ஆடைத் தொழிற்சாலையில் கழுத்துப்பட்டி தைக்கிறேன். பயம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. மகளுக்கு உடம்பு சுட்டால் கைவிளக்கு எடுத்துத் தேடுகிறேன், அவள் கூச்சத்தில் நெளிகிறாள். படித்ததில் எனக்கு மிஞ்சியது அந்தக் கரும்பலகை ஒன்றுதான். அதுவே போதும் என்று நினைத்த நாட்கள் உண்டு.

ஆனால் அன்று ஆஸ்பத்திரித் திரைக்குள் நடந்தது வேறு. நான் சின்னம்மாவின் கையைப் பிடித்தபடி உள்ளே நின்றேன். மிஸ்ஸி பாவாடையை விலக்கினார். பொருக்குக்குப் பக்கத்தில், விலாவிலிருந்து இடுப்பு வரை, அந்தப் பழைய தழும்பு கிடந்தது; குழியும் மேடுமாக, தைத்த தடங்களோடு. அந்த வருடங்களில் அப்படிச் சண்டைத் தழும்பு உள்ள பெண்களிடம், எங்கே பட்டது, எப்போது பட்டது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்கிறவர்கள் இருந்தார்கள். கேட்க வீடு தேடியும் வருவார்கள். சின்னம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு, என் கையை நெரித்துக்கொண்டு கிடந்தார். மிஸ்ஸி ஒன்றும் கேட்கவில்லை. தழும்பின் மேல் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு வெள்ளைத் துணி ஒன்றை விரித்து அதை முழுவதுமாக மூடி, பொருக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு ஒரு சின்ன இடைவெளி விட்டு, அதற்குப் பிறகுதான் டொக்டரைக் கூப்பிட்டார். சின்னம்மாவின் கை தளர்ந்தது.

டொக்டருக்கு என்னுடைய கறுப்புப் பொருக்கு வடிவாகத் தெரியட்டும் என்றுதான் மிஸ்ஸி அப்படி மூடினார் என்று நினைத்து, நான் பெருமையோடு நின்றுகொண்டிருந்தேன்.